மணிக்குப் பத்து சென்ட்

தமிழகமும் கணினியும்: வரலாற்றுத் தொடர் – 19

ஐபிஎம் நிறுவனம் 1978-இல் இந்தியாவை விட்டுப் போன கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது அரசு. முடியாது என்று கிளம்பிவிட்டது ஐபிஎம். அதுவரை இங்கே அவர்கள் நடத்தியது பெரும்பாலும் வாடகை வியாபாரம். வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த 1401 ரக இயந்திரங்களைப் பம்பாயில் புதுப்பித்து, மாத வாடகைக்கு விட்டார்கள். இயந்திரம் அவர்களுடையது, பழுது பார்க்கும் ஆளும் அவர்களுடையவர். அவர்கள் போன பிறகு அந்த இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை சி.எம்.சி. என்ற அரசு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. மாதக் குத்தகை எப்போது வேண்டுமானாலும் இப்படி முடியலாம் என்பது அன்று பலருக்கும் புரிந்தது.

28 ஆண்டுகள் கழித்து அந்த வாடகை வேறு வேடத்தில் திரும்பி வந்தது. இந்த முறை அதற்குக் ‘கிளவுட்’ என்று பெயர். அது தமிழ்நாட்டில் யாருக்கு வாசலைத் திறந்தது, யார் அந்த வாசல் வழியே போக மறுத்தார்கள் என்பதே இந்தப் பகுதி.

எட்டு லட்சம் பேர், ஒரே காலை

திருவண்ணாமலை மாவட்டத்தில், வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது தெள்ளார். மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை வென்ற தெள்ளாறு இதுதான். இன்று ஒன்றியத் தலைமையிடம்; சுற்றிலும் நெல்லும் வேர்க்கடலையும். அதே மாவட்டத்தில் வடமேற்கே ஆரணி, பட்டுத்தறிகளின் ஊர். இந்த இரண்டு ஊர்களையும் வைத்துக்கொண்டே சர்வர் வாடகையின் அடிப்படையைப் புரிந்துகொள்ளலாம்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளை எடுத்துக்கொள்வோம். மாநிலம் முழுக்க ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் எழுதும் தேர்வு. ஒரு காலத்தில் முடிவுக்கு மாலைப் பத்திரிகையை எதிர்பார்த்து நின்றார்கள். 2000-க்குப் பிறகு, பிரவுசிங் சென்டர் இருக்கும் டவுனுக்குப் பஸ் ஏறினார்கள். இப்போது கையில் போன் இருக்கிறது. அறிவித்த நிமிடத்தில் தெள்ளாரிலும் ஆரணியிலும் கன்னியாகுமரியிலும் ஒரே நேரத்தில் பதிவு எண்ணைத் தட்டுகிறார்கள். பிள்ளை ஒருவர், அப்பா ஒருவர், டியூஷன் வாத்தியார் ஒருவர், மாமா வீட்டில் ஒருவர் என்று ஒரே எண்ணுக்கு நாலு பேர் தேடுவார்கள். மதியத்துக்குள் கூட்டம் கலைந்துவிடும். மறுநாள் அந்தத் தளத்தை எட்டிப் பார்ப்பவர் குறைவு.

இந்த ஒரு காலைக்கு எத்தனை சர்வர் வாங்குவது? கூட்டத்துக்கு ஏற்ப வாங்கினால் மீதி 364 நாளும் மின்சாரம் தின்றுகொண்டு சும்மா நிற்கும். சாதாரண நாளுக்கு ஏற்ப வாங்கினால் அந்தக் காலையில் தளம் படுத்துவிடும். ஆரணியில் ஒரு ஜவுளிக்கடை சொந்தமாக இணையதளம் வைத்துப் புடவை விற்றால் அதற்கும் இதே சிக்கல்தான். தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் முகூர்த்த மாதங்களும் ஒரு கணக்கு. ஆடியும் மார்கழியும் வேறு கணக்கு.

இணையதளத்துக்கு வரும் கூட்டம் சீராக வருவதில்லை. வாங்கி வைத்த இயந்திரமோ கூட்டத்துக்கேற்ப வளராது, சுருங்காது. இந்த முரண்தான் கிளவுட் தொழிலின் மூலதனம்.

பழைய வாடகைகள்

கணினியைப் பங்குபோட்டுப் பயன்படுத்தும் யோசனை புதிதல்ல. 1961-இல் அமெரிக்காவின் எம்ஐடியின் நூற்றாண்டு விழாவில் ஜான் மெக்கார்த்தி, தொலைபேசிச் சேவையைப் போலக் கணினித் திறனும் ஒரு நாள் பொதுச்சேவையாகலாம் என்று பேசினார். அதே ஆண்டு அங்கேயே ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை இயக்கிக் காட்டியது. சென்னை ஐஐடிக்கு ஜெர்மனியின் உதவியோடு 1973-இல் வந்த ஐபிஎம் 370/155-ம் பலருக்குப் பொதுவான இயந்திரம்தான். அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இணையம் பொதுமக்களுக்கு வந்ததும் (இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15, விஎஸ்என்எல் வழியாக) இன்னொரு வாடகை பிறந்தது: ஹோஸ்டிங். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, பின்னாளின் சிஃபி, 1999 அக்டோபரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. அடுத்த ஆண்டே நவி மும்பையின் வாஷியில் வணிக டேட்டா சென்டரைத் திறந்தது. ஆனால் சிறிய ஆட்கள் பெரும்பாலும் அமெரிக்க ஹோஸ்டிங் நிறுவனங்களிடம் இடம் பிடித்தார்கள். மலிவானது வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான தளங்களோடு ஒரே சர்வரில் ஒண்டுக்குடித்தனம். தனி சர்வர் வேண்டுமென்றால் மாதக் கணக்கில், சில இடங்களில் ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம். ஒன்று போதவில்லை, இரண்டாவது வேண்டும் என்றால் விண்ணப்பித்துவிட்டு, யாரோ ஒருவர் அதை ரேக்கில் பூட்டிக் கேபிள் செருகும்வரை காத்திருக்க வேண்டும். தேவை முடிந்தாலும் மாத வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

கேப்டவுனில் கட்டிய கடை

அமேசான் நிறுவனத்தில் உள்கட்டமைப்பைக் கவனித்துக்கொண்டிருந்த கிறிஸ் பிங்கமும் பெஞ்சமின் பிளாக்கும் 2003-இல் ஒரு குறிப்பு எழுதினார்கள். நிறுவனத்தின் சர்வர் ஏற்பாடுகள் முழுவதையும் ஒரே மாதிரியாக்கி, தானியங்கியாக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்படிச் செய்தால் அந்த வசதியை வெளியாட்களுக்கும் விற்கலாம் என்று கடைசியில் ஒரு யோசனையும் சொன்னார்கள். பிங்கம் தென்னாப்பிரிக்கர்; ஊர் திரும்ப விரும்பினார். சியாட்டில் தலைமையகத்திலிருந்து வெகு தொலைவில், கேப்டவுனில் அவருடைய சிறு குழு உட்கார்ந்து அந்த யோசனைக்கு உருக்கொடுத்தது.

பண்டிகைக் கால விற்பனைக்கு வாங்கிய சர்வர்கள் சும்மா கிடந்ததால் அமேசான் அவற்றை வாடகைக்கு விட்டது என்று ஒரு கதை இன்றும் சுற்றி வருகிறது. அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் இதை மறுத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தாலே கதை நிற்காது: வாடகைக்கு விட்டதை அடுத்த பண்டிகைக்குத் திருப்பிப் பிடுங்க முடியுமா?

2006 மார்ச் 14 அன்று கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3 சேவை வந்தது. ஆகஸ்ட் 25 அன்று கணினியையே வாடகைக்கு விடும் ஈசி2 சோதனை வடிவில் வெளியானது. 1.7 ஜிபி நினைவகம், 160 ஜிபி வட்டு. வாடகை மணிக்கு 10 சென்ட். அன்றைய மாற்று மதிப்பில் ஐந்து ரூபாய்க்கும் குறைவு.

விலையைவிட முக்கியம் அதன் நிபந்தனை. முன்பணம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, விற்பனைப் பிரதிநிதியோடு பேச வேண்டியதில்லை. கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்து ஒரு கட்டளை அனுப்பினால் சில நிமிடங்களில் கணினி தயார். வேலை முடிந்ததும் இன்னொரு கட்டளை, மீட்டர் நின்றுவிடும். தெள்ளார் பக்கத்தில் உழவுக்கு டிராக்டரை மணிக் கணக்கில் பேசுவார்களே, அந்த ஏற்பாடுதான். மூன்று மணி நேரம் உழுதால் மூன்று மணி நேரத்துக்குக் காசு. டிராக்டரின் கடன், டயர், டிரைவர் எல்லாம் உரிமையாளர் பாடு.

ஒரு இயந்திரத்தை இப்படிக் கூறுபோட உதவியது மெய்நிகராக்கம். இதையும் ஐபிஎம் 1960-களிலேயே பெரிய கணினிகளில் செய்திருந்தது. சாதாரண, மலிவான சர்வர்களில் அதைத் திறம்படச் செய்யும் ஸென் என்ற மென்பொருளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு 2003-இல் இலவசமாக வெளியிட்டது. அமேசான் அதையே எடுத்துக்கொண்டது. உள்ளே இருப்பது ஒரு உண்மையான சர்வர்; ஆனால் அதில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் தனக்கென்று தனிக் கணினி இருப்பதாகவே தோன்றும். பக்கத்துக் குடியிருப்பில் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

நூறு கணினி, ஒரு நாள்

இந்தக் கணக்கின் ருசியை முதலில் அறிந்தவர்களில் நியூயார்க் டைம்ஸின் டெரிக் காட்ஃபிரிட் ஒருவர். 2007-இல் அவரிடம் நான்கு டெராபைட் அளவுக்குப் பழைய பத்திரிகைப் படங்கள் இருந்தன, அவற்றை 1.1 கோடிக் கட்டுரைகளாக, பிடிஎஃப் கோப்புகளாக மாற்ற வேண்டும். ஈசி2-வில் நூறு கணினிகளை எடுத்தார். ஒரு நாளுக்குள் வேலை முடிந்தது. நூறு கணினி, 24 மணி, பத்து சென்ட்: 240 டாலர். ஒரே கணினியை நூறு நாள் ஓட்டியிருந்தாலும் அதே 240 டாலர்தான். மணிக் கணக்கு வாடகையில் அவசரத்துக்குத் தனி விலை கிடையாது என்பது அன்று பலருக்கும் புதிய செய்தி.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அனிமோட்டோ என்ற சிறு நிறுவனம். புகைப்படங்களைப் பாட்டோடு கோத்து வீடியோவாக்கும் செயலி; ஃபேஸ்புக்கில் பரவியதும் சில நாட்களில் அவர்கள் எடுத்த கணினிகள் ஐம்பதுக்குச் சற்று முன்பின்னாக இருந்து 3,500 வரை ஏறின. அத்தனையையும் வாங்கி அடுக்கக் கையில் பணம் இருந்திருந்தால்கூட, ஏற்றி இறக்குவதற்குள் கூட்டம் கலைந்திருக்கும்.

குறைகளும் இருந்தன. முதல் இரண்டு ஆண்டுகள் கணினியைத் திருப்பிக் கொடுத்தால் அதன் வட்டில் இருந்த தரவும் சேர்ந்து போய்விடும். தனியாக நிற்கும் வட்டு 2008 ஆகஸ்டில்தான் வந்தது. கூட்டத்தைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடும் வசதியும், கூட்டம் ஏறினால் கணினிகளைத் தானே சேர்த்து இறங்கினால் தானே விடுவிக்கும் வசதியும் 2009 மே மாதத்தில் வந்தன. தேர்வு முடிவுக் காலைக்குத் தேவைப்படுகிற கருவி அப்போதுதான் முழுமையடைந்தது.

கீழ்க்கட்டளையில் ஓர் அறை

இனி சென்னைக்கு வருவோம். திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் ஜோஹோ நிறுவனத்தில் தயாரிப்பு மேலாண்மைத் துணைத் தலைவராக இருந்தவர். 2010-இல், வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் அமெரிக்க மென்பொருளான ஜென்டெஸ்க் விலையைக் கடுமையாக ஏற்றியதைப் பற்றிய செய்தியும், அதற்குக் கீழே வாடிக்கையாளர்கள் கொட்டிய கோபமும் அவர் கண்ணில் பட்டன. அதே சந்தைக்கு மலிவாக ஒன்று செய்யலாமே என்று வேலையை விட்டார். உடன் வேலை பார்த்த ஷான் கிருஷ்ணசாமியும் சேர்ந்தார். சென்னைப் புறநகரான கீழ்க்கட்டளையில் 700 சதுர அடி இடத்தில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், 2011 ஜூனில் சந்தைக்கு வந்தது. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருந்த ஒரு கல்லூரி.

கீழ்க்கட்டளை அறையில் அந்த மென்பொருள் ஓடும் சர்வர் ஒன்றுகூட இல்லை. அது அமேசானின் வாடகைக் கணினிகளில் ஓடியது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு இதே யோசனை ஒருவருக்கு வந்திருந்தால், முதல் வாடிக்கையாளர் வருமுன்பே சர்வர், ரேக், மின்சாரம், அமெரிக்க ஹோஸ்டிங் ஒப்பந்தம் என்று முதலீட்டாளரைத் தேடி அலைந்திருப்பார். இவர்களுக்கு ஆக்செல் நிறுவனத்தின் பத்து லட்சம் டாலர் முதலீடு அறிவிக்கப்பட்டது, மென்பொருள் சந்தைக்கு வந்து ஆறு மாதம் கழித்து, டிசம்பரில்தான். பத்து வாடிக்கையாளர் இருந்தபோது பத்துப் பேருக்கான வாடகை. ஆயிரம் பேர் வந்தபோது ஆயிரம் பேருக்கான வாடகை. முதலீட்டாளர் வாசலுக்குப் போகும்போது கையில் திட்ட அறிக்கைக்குப் பதில் வாடிக்கையாளர் பட்டியல் இருந்தது. பேரம் பேசும் நிலையே மாறிவிட்டது.

2021 செப்டம்பர் 22 அன்று ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அந்த நிறுவனம் நாஸ்டாக்கில் பட்டியலாகி நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. பட்டியலுக்காகக் கொடுத்த ஆவணத்தில் அபாயங்களை வரிசைப்படுத்திய இடத்தில், அமேசான் கிளவுடைத் தாங்கள் பெரிதும் நம்பியிருப்பதையும் ஓர் அபாயமாக எழுதியிருந்தார்கள். பத்தாண்டு வளர்ச்சிக்குப் படியாக இருந்ததும் அதே ஏற்பாடுதான்.

அந்த அபாயம் கற்பனையல்ல. ஃப்ரெஷ்டெஸ்க் சந்தைக்கு வர இரண்டு மாதம் இருக்கும்போது, 2011 ஏப்ரல் 21 அன்று, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அமேசானின் வர்ஜீனியா மையம் தடுமாறியது. வலைப்பின்னல் மேம்பாட்டுக்காகச் செய்த ஒரு மாற்றத்தில், போக்குவரத்து தவறான, குறுகலான வழிக்குத் திருப்பப்பட்டது. வட்டுகள் தம் நகல்களோடு தொடர்பை இழந்தன. தொடர்பு திரும்பியதும் எல்லாமே ஒரே நேரத்தில் புது நகலுக்கு இடம் தேடி முட்டிமோதின. ரெட்டிட், குவோரா போன்ற தளங்கள் விழுந்தன. முழுச் சீர் திரும்ப நாட்கள் ஆயின. அந்த வளாகத்தில் 0.07 சதவீத வட்டுகளின் தரவை மீட்கவே முடியவில்லை. ஒரே வளாகத்தில் எல்லாவற்றையும் வைக்காதே என்ற பாடத்தை ஈசி2 வாடிக்கையாளர்கள் அந்த வாரத்தில் கற்றார்கள்.

வாடகைக்குப் போகாத வீடு

கிரீஷ் விட்டுவந்த ஜோஹோவின் வழி நேரெதிர். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2005-இல் ஜோஹோ ரைட்டர் மூலம் இணையவழி மென்பொருளுக்கு வந்த நிறுவனம் அது. தன் சேவைகளைச் சொந்த டேட்டா சென்டர்களில், சொந்த சர்வர்களில் ஓட்டுகிறது. 2018-இல் மும்பையிலும் சென்னையிலும் இந்திய டேட்டா சென்டர்களைத் தொடங்கியது. வெளி முதலீடு வாங்காத நிறுவனம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த முடிவு புரியும். ஸ்ரீதர் வேம்புவின் நிறுவனத்துக்குக் கூட்டம் எவ்வளவு வரும் என்பது ஓரளவு தெரிந்த கணக்கு. பல மென்பொருள்கள், கோடிக்கணக்கான பயனர், நாள் முழுக்க ஓடும் சுமை. 24 மணி நேரமும் உழவு இருந்தால் மணிக் கணக்கில் டிராக்டர் பேசுவது நஷ்டம். மலிவான விலைக்கு விற்க, உள்செலவைத் தன் பிடியில் வைத்திருக்கவும் வேண்டும்.

இதே கணக்கை அமெரிக்காவிலும் போட்டார்கள். வாடகையில் வளர்ந்த டிராப்பாக்ஸ், தரவின் பெரும்பகுதியைச் சொந்த இடத்துக்கு மாற்றியது. அதனால் இரண்டு ஆண்டுகளில் சுமார் 7.5 கோடி டாலர் மிச்சமானதாகத் தன் 2018 பங்குவெளியீட்டு ஆவணத்தில் கணக்குக் காட்டியது. 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனமும் 2022-இல் கிளவுடை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது.

ஆகவே, ஒரே நகரத்தின் இரண்டு பெரிய நிறுவனங்களில் ஒன்று வாடகையாலும் மற்றொன்று சொந்தத்தாலும் வளர்ந்ததில் முரண்பாடு இல்லை. நாளை எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாதவருக்கு வாடகை லாபம். தெரிந்தவருக்குச் சொந்தம் லாபம். சிக்கல், தெரியாதவராகத் தொடங்கித் தெரிந்தவராக மாறிய பிறகும் பழக்கத்தால் வாடகையிலேயே இருப்பவர்களுக்குத்தான்.

கடல் தாண்டாத சர்வர்

இந்தியப் பயனர்களுக்கு ஒரு குறை நெடுநாள் இருந்தது: வாடகைக் கணினி கடலுக்கு அப்பால் இருந்தது. அமேசான் 2010 ஏப்ரலில் சிங்கப்பூரில் மையம் திறந்தபோது நிலைமை சற்று மேம்பட்டது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிள் 2002-லும், டாடாவின் கேபிள் 2004-லும் வந்திருந்தன. பிறகு மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, மும்பை, சென்னை என மூன்று இடங்களில் அஷ்யூர் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016 ஜூனில் மும்பைக்கும் 2022 நவம்பரில் ஐதராபாத்துக்கும் வந்தது. கூகுள் 2017-இல் மும்பைக்கு வந்தது. தெள்ளாரில் இருப்பவர் தட்டும் பொத்தானுக்குப் பதில், இன்று நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையிலிருந்தே வர முடியும்.

அரசும் சும்மா இருக்கவில்லை. தேசியத் தகவலியல் மையம் 2014 பிப்ரவரியில் மேகராஜ் திட்டத்தின் கீழ் அரசுத் துறைகளுக்கான தேசிய கிளவுடைத் தொடங்கியது. ஒவ்வொரு துறையும் தனித்தனியே சர்வர் டெண்டர் விடுவதற்குப் பதில், பொதுவான குளத்திலிருந்து தேவைக்கு மொண்டுகொள்ளலாம் என்பது நோக்கம். நாடு தழுவிய சோதனை 2021 ஏப்ரல் 28 அன்று வந்தது. 18 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தடுப்பூசிப் பதிவு மாலை 4 மணிக்குத் திறந்ததும் கோவின் தளம் திணறியது. ஆனாலும் முதல் நாளிலேயே 1.3 கோடிக்கு மேற்பட்டோர் பதிவுசெய்தார்கள். பிளஸ் டூ முடிவுக் காலையைவிடப் பல மடங்கு பெரிய கூட்டம். அதை வாடகை கிளவுடில்தான் தாங்கினார்கள்.

வாடகையின் அலகும் சுருங்கிக்கொண்டே வந்தது. 2014 நவம்பரில் வந்த அமேசானின் லாம்டா சேவையில் கணினியையே எடுக்க வேண்டாம். எழுதிய நிரல் ஓடும் நேரத்துக்கு மட்டும் கட்டணம். 2017 அக்டோபரிலிருந்து ஈசி2 வாடகையே லினக்ஸ் கணினிகளுக்கு நொடிக் கணக்கானது. ஆனால் பில் எளிமையாகவில்லை. கணினிக்கு ஒன்று, வட்டுக்கு ஒன்று, வெளியே போகும் தரவுக்கு ஒன்று என்று வரிகள் பெருகின. உள்ளே தரவு கொண்டுவருவது பெரும்பாலும் இலவசம். வெளியே எடுத்துப் போகத்தான் காசு. திருப்பிக் கொடுப்பது சுலபம் என்ற பெயரில் தொடங்கிய தொழிலில், வீடு மாறுவது மட்டும் சுலபமாக இல்லை.

ஆரணியில் இணையக்கடை திறக்க நினைப்பவர் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்? தொடங்கும்போது வாடகைக்கு எடுப்பதில் தயக்கம் வேண்டாம்; கடன் வாங்கி சர்வர் வாங்கிய காலம் போய்விட்டது. செலவு இந்த எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை வர வேண்டும் என்று முதல் நாளே அமைத்துவிட வேண்டும். தீபாவளிக்கு எடுத்த கணினிகள் கார்த்திகையிலும் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால், ஐபிஎம் காலத்து மாதக் குத்தகைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. வாடிக்கையாளர் பட்டியலின் நகல் ஒன்று எப்போதும் வேறிடத்தில் இருக்கட்டும்.

சொந்த சர்வர் என்று முடிவெடுத்த ஜோஹோ, இன்னொரு கேள்வியையும் கேட்டது: மென்பொருள் எழுதுபவர் சென்னையில்தான் உட்கார வேண்டுமா? தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011-இல் தொடங்கிய அந்தச் சோதனை அடுத்த பகுதியில்.

(தொடரும்)